சண்டை முடிஞ்சப்புறம் வர்ற கதையையும் பசங்க படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு அப்பா எழுதியிருந்தாரு. இங்கிலீஷ்ல வர்ற டிராகன் கதை புக்கெல்லாம் பசங்க மனசுல வெறியை ஏத்துது, பக்கத்துக்குப் பக்கம் சண்டை, ரத்தம், ஸ்கூல் லைப்ரரியில இதுக்கெல்லாம் எடமே குடுக்கக்கூடாதுன்னு. அவரோட கவலை எனக்குப் புரியுது, நானும் ஒரு அம்மாதான். ஆனா அவரு சொல்ற அதே மாதிரி கம்ப்ளெயின்ட் என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்லயும் வந்து, லைப்ரரியில இருந்த ஒரு டிராகன் சீரிஸோட பத்து புக்கையும் எடுத்து கண்ணாடி பீரோவுல வெச்சு பூட்டிட்டாங்க, புள்ளைங்க தெனமும் லைப்ரரி பீரியட்ல அந்த கண்ணாடிக்கு வெளிய நின்னு புக்கு முதுகுல இருக்கற நம்பரை பார்த்துட்டு வருதுங்க, அதனாலதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கங்க.

நான் சொல்றது விங்ஸ் ஆஃப் ஃபயர்னு ஒரு சீரிஸ். பேரைக் கேட்டதும் நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கலாம் ஐயாவோட அக்னிச் சிறகுகள்தான். என் பொண்ணு பொறந்தநாளுக்கு இந்த புக்கு வேணும்னு அவ மாமாகிட்ட சொல்ல, என் தம்பி ரொம்ப சந்தோஷமா, பரவாயில்லையே இந்த வயசுலயே கலாம் படிக்கணும்னு கேக்குதேன்னு, 1999-ல வந்த அந்த சுயசரிதையை கிஃப்ட் ராப் பண்ணி கொண்டு வந்து குடுத்தான். அவ அதையும் படிச்சா, ராமேஸ்வரம் வீடு, அவங்க அப்பா, அந்த படகு கட்டுன கதையெல்லாம் அவளுக்கு ரொம்ப புடிச்சுது. ஆனா அவ கேட்டது டூயி சதர்லாண்ட்னு ஒரு எழுத்தாளர் எழுதுறது. வெனிசுலா நாட்டுல கராகஸ்ல பொறந்தவங்க, மொதல் புக்கு 2012-ல வந்துது. மொதல் அஞ்சு ஒரு கதை, அடுத்த அஞ்சு இன்னொரு கதை, அப்புறம் இன்னும் அஞ்சு, 2022-ல 15 ஆச்சு. எங்க வீட்ல மொதல் பத்துதான் முடிஞ்சிருக்கு, அதை வெச்சுதான் பேசறேன். கதையை முன்னாடியே சொல்லிடறேன்னு பசங்க கோவிச்சுக்க வேணாம், பெரியவங்களுக்கு புரியணும்னா சொல்லித்தான் ஆகணும்.

பிர்ரியான்னு ஒரு தேசம், அதுல ஏழு டிராகன் கூட்டம் இருக்கு. சேத்துல வாழறது, மணல்ல வாழறது, மலையில, கடல்ல, பனியில, மழைக்காட்டுல, இருட்டுலன்னு ஏழு. மணல் டிராகன்களோட ராணியை புதையல் திருட வந்த மனுசங்க கொன்னுடறாங்க (இந்த கதையில மனுசங்க சின்ன பூச்சி மாதிரிதான், டிராகன்கள் அவங்களை பிராணின்னு நெனைக்குதுங்க), அப்புறம் அவளோட மூணு பொண்ணுங்களும் எனக்குத்தான் சிம்மாசனம்னு அடிச்சிக்கறாங்க. ஒருத்தி பக்கம் சேறும் மலையும், ஒருத்தி பக்கம் கடல், ஒருத்தி பக்கம் பனி. அக்கா தங்கச்சிங்க சொத்துத் தகராறு, அவ்ளோதான், ஆனா அதுல யார் யாரோ வீட்டுப் புள்ளைங்க இருவது வருஷமா சாவுது. என் பொண்ணு அதைப் படிச்சிட்டு, ஏம்மா இவங்க மூணு பேரும் மட்டும் ஒரு ரூம்ல போய் அடிச்சிக்கலாம்லன்னு கேட்டா. பத்து வயசுல அந்த கேள்வி வந்துதுன்னா அந்த புக்கு வெறியை ஏத்துதுன்னு நான் எப்படி நெனைப்பேன்.

மொதல் அஞ்சு புக்குல சண்டை இருக்கு, இல்லன்னு சொல்லல. முக்கியமா மொதல் புக்குல மலை ராணி ஒருத்தி கைதிங்களை கோதாவுல எறக்கி ஒருத்தரை ஒருத்தர் கொல்ல வெச்சு வேடிக்கை பாக்கறா, அது கொடூரமாத்தான் இருக்கு, ஏழெட்டு வயசு புள்ளைக்கு நானே குடுக்கமாட்டேன். அந்த அப்பா சொல்றதுல அது வரைக்கும் நியாயம் இருக்கு. ஆனா அவரு அஞ்சாவது புக்கோட நிறுத்திட்டாரோன்னு எனக்கு தோணுது, ஏன்னா இந்த சீரிஸோட உசுரே ஆறாவது புக்குலதான் ஆரம்பிக்குது. அஞ்சாவதுல சண்டை முடிஞ்சிடுது, ராணியும் வந்தாச்சு. வேற கதையா இருந்தா அங்க சுபம் போட்டு விளக்கைப் போட்டுடுவாங்க. இவங்க என்ன பண்றாங்கன்னா, நேத்து வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுட்டு இருந்த ஏழு கூட்டத்துப் புள்ளைங்களையும் கொண்டு வந்து ஒரு ஸ்கூல்ல சேர்க்கறாங்க. ஜேட் மவுண்டன்னு ஒரு மலை, உள்ள குகைங்கதான் கிளாஸ்ரூம். ஒவ்வொரு குரூப்லயும் ஏழு கூட்டத்துலேர்ந்தும் ஒவ்வொருத்தர், ஹாஸ்டல் மாதிரி ஒரே குகையில வேற வேற கூட்டத்துப் புள்ளைங்க தூங்கணும். யாரு பக்கத்துல படுக்கறோம், இவங்க அப்பா எங்க அண்ணனை கொன்னிருப்பாரோன்னு யோசிச்சிட்டே தூங்கற புள்ளைங்க. லைப்ரரியை பாத்துக்கறது ஸ்டார்ஃப்ளைட்னு ஒரு இளவட்டம், படிப்புன்னா உசுரு, அவனுக்கு எரிமலை வெடிச்சதுல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. கண்ணு தெரியாதவன் லைப்ரேரியனா இருக்கான்னு படிக்கும்போது நானே புக்கை கொஞ்ச நேரம் மூடி வெச்சுட்டேன்.

இந்த ஸ்கூல்லதான் சோரா இருக்கா. அவளைப் பத்தி சொல்லணும்னா மொதல்ல அவ அண்ணன் கிளேயைப் பத்தி சொல்லணும். சேத்து டிராகன்கள்ல அம்மா முட்டை போட்டுட்டு போயிடுவா, கூடப்பொறந்ததுங்கதான் ஒண்ணையொண்ணு வளர்க்கும், மொதல்ல பொரிஞ்சு வர்ற பெருசு மத்ததையெல்லாம் பாத்துக்கும். கிளே அந்த பெருசு. ஆனா முட்டையா இருக்கும்போதே அவன் அம்மா அவனை மாட்டுக்கு வித்துட்டா, ஏதோ ஒரு ஜோசியத்துக்காக அவனை எடுத்துட்டு போய் குகையில அடைச்சு வேற கூட்டத்துப் புள்ளைங்க நாலு பேரோட வளர்த்தாங்க. வளர்த்தவ அவன்கிட்ட சொல்லி சொல்லி வளர்க்கறா, நீ பொரிஞ்சு வந்த அன்னைக்கே மத்த முட்டையையெல்லாம் ஒடைச்சு கொல்லப் பார்த்தவன்டா, உனக்குள்ள ஒரு கொலைகாரன் இருக்கான்னு. அந்த புள்ளை அதையே நம்பிட்டு தன்னைப் பாத்து தானே பயந்துட்டு இருக்கான். கடைசியில தன்னோட சொந்த கூட்டத்தைப் பாக்கும்போதுதான் தெரியுது, பெருசா பொரியறது மத்த முட்டை ஓட்டை ஒடைச்சு தம்பி தங்கச்சிங்களை வெளிய எடுத்து விடும், அதுதான் அதோட பழக்கம். அவன் கொல்லப் பாக்கல, காப்பாத்தப் பாத்திருக்கான். என் பொண்ணு அந்த பக்கத்தை எங்கிட்ட மூணு தடவை படிச்சு காட்டினா, மூணாவது தடவை அவ குரல் ஒடைஞ்சிடுச்சு. ஒரு புள்ளையை நீ கெட்டவன் கெட்டவன்னு சொல்லி வளர்க்கறது என்ன பண்ணும்னு இதைவிட நல்லா சொன்ன கதை நான் படிச்சதில்ல, நான் பத்து வருஷமா டியூஷன் எடுக்கறவ, எனக்கு அது தெரியும்.

கிளே இல்லாம வளர்ந்த அவன் கூடப்பொறந்ததுங்களையெல்லாம் சின்ன வயசுலயே பட்டாளத்துல சேர்த்துட்டாங்க. அதுல கிரேன்னு ஒண்ணு சண்டையில செத்துப்போச்சு. சண்டை முடிஞ்சு சோரா இந்த ஸ்கூலுக்கு வர்றா, வந்து பாத்தா கிரேனை கொன்ன பனி டிராகன், ஐசிக்கிள்னு பேரு, அதே ஸ்கூல்ல படிக்க வந்திருக்கா. சோரா ரொம்ப சாது, யார்கிட்டயும் பேசமாட்டா. அவ ஒண்ணும் சொல்லாம வெடிக்கற கள்ளி ஒண்ணை கொண்டு போய் சரித்திர கிளாஸ் நடக்குற குகையில வெச்சிடறா. வெடிச்சுது. ஐசிக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. செத்தது வேற ரெண்டு புள்ளைங்க, கார்னீலியன்னு ஒரு மலைப் பொண்ணு, பிக்டெயில்னு சோராவோட சொந்த கூட்டத்துப் பையன். ரெண்டு பேருக்கும் கிரேன் யாருன்னே தெரியாது.

இதை குழந்தைங்க கதையில எழுதலாமான்னு அந்த அப்பா கேப்பாரு. நான் கேக்கறேன், இதை விட்டுட்டு சண்டையைப் பத்தி எப்படி உண்மையா எழுத முடியும்? சோராவை ராட்சசியா காட்டல, அவ அழறதையும் காட்டறாங்க, செத்த கார்னீலியனோட படுக்கை காலியா கெடக்கறதையும் காட்டறாங்க, ரெண்டையும் சேர்த்து ஒரு புள்ளை மனசுல வெச்சுக்கணும். தங்கச்சி பண்ணது தெரிஞ்சு கிளே தவிக்கறான், அவனுக்கு ஸ்கூலும் வேணும் தங்கச்சியும் வேணும். அவளைத் தனியா விட மனசில்லாம அம்பர்னு இன்னொரு கூடப்பொறந்தவன் அவளோடயே ஸ்கூலை விட்டு போயிடறான். இவன் தப்பு எதுவும் பண்ணல, நல்லா படிச்சிட்டு இருந்தவன். குடும்பத்துல ஒருத்தர் பண்ணதுக்கு இன்னொருத்தர் படிப்பை விடறது நம்ம வீடுகள்ல நடக்காததா?

வெளிநாட்டுக் கதை, நம்ம பண்பாடு இல்லைன்னும் அந்த லெட்டர்ல இருந்துது. எங்க அம்மா ஊர் செஞ்சிப் பக்கம், திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவுல சின்ன வயசுல பாயைப் போட்டு விடிய விடிய பதினெட்டாம் போர் கூத்து பாத்து வளர்ந்தவ நான். காலையில படுகளம், மண்ணுல துரியோதனனை பெருசா செஞ்சு படுக்க வெச்சிருப்பாங்க, பாஞ்சாலி கூந்தல் முடிவா, எல்லாரும் அதைப் பாக்கத்தான் முண்டியடிப்பாங்க. ஆனா எனக்கு இன்னைக்கும் காதுல கேக்கறது அது இல்ல, துரியோதனன் பொண்டாட்டி பெருந்திருவாள் வந்து அந்த மண்ணு மேல விழுந்து வெக்கற ஒப்பாரி. கெட்டவன் செத்தான்னு கை தட்டின அதே கூட்டம் அந்த ஒப்பாரிக்கு முந்தானையை வாயில வெச்சுக்கும். எங்க ஆயா அழுவாங்க, எனக்கு அப்போ புரியல, எதிரி பொண்டாட்டிக்கு ஏன் அழறாங்கன்னு.

சண்டை முடிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் படுத்தப்புறம் ராத்திரியில பாசறைக்குள்ள பூந்து, தூங்கிட்டு இருந்த இளம்பஞ்சபாண்டவர்களை வெட்டினது யாரு, அஸ்வத்தாமன். எதுக்கு, அவன் அப்பா துரோணரை கொன்னதுக்கு. சோரா பண்ணது அதேதான். கர்ணன் தன்னோட சொந்த அண்ணன்னு தர்மருக்கு தெரியறது எப்போ, கொன்னு முடிச்சு தர்ப்பணம் குடுக்கற நேரத்துல. மகாபாரதத்துல பதினெட்டு பருவம், சண்டை முடிஞ்சப்புறம் வர்றது மட்டும் எவ்ளோ பெரிய பாகம், ஸ்திரீ பருவம் பூரா பொம்பளைங்க அழறது, சாந்தி பருவம் ஆரம்பிக்கறதே தர்மர் எனக்கு இந்த ராஜ்ஜியமே வேணாம்னு ஒடைஞ்சு போய் உக்காந்திருக்கறது. தமிழ்ல வில்லிபுத்தூரார் பாடும்போது சௌப்திக பருவத்தோட, அதாவது அந்த ராத்திரி கொலையோட நிறுத்திட்டாரு, பத்து பருவம்தான். மிச்சத்தையும் சேர்த்து பதினெட்டையும் பாடி முடிச்சவரு நல்லாப்பிள்ளை. சண்டையோட நிறுத்தினா கதை முடியலைன்னு அவருக்கு தோணியிருக்கு, அதனாலதான் அவ்ளோ பெரிய வேலையை எடுத்து செஞ்சிருக்காரு. ஆறாவது புக்கு எழுத உக்காந்தவங்களுக்கும் அதேதான் தோணியிருக்கு. அதனால இது நம்மளோடது இல்லைன்னு சொல்லாதீங்க.

இப்ப எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா ரிட்டயர்டு ஹவில்தார். வேலூர் மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க, அதனால எங்களுக்கு அது பெரிய விஷயமா தெரியல. மெடலு, மிலிட்டரி கேன்டீன் சாமான், நம்பர் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டி, இதுதான் எங்களுக்கு அப்பாவோட பட்டாளம். 1971 சண்டையைப் பத்தி கேட்டா, ஜெயிச்சோம், 93,000 பேரு சரண்டர் ஆனாங்க, அவ்ளோதான் சொல்வாரு. அதுக்கு மேல நாங்களும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.

போன மே மாசம் லீவுல என் பொண்ணு தாத்தாகிட்ட ஏழாவது புக்கை தமிழ்ல சொல்லிட்டு இருந்தா. மத்தியானம், அவரு கட்டில்ல படுத்துட்டு கண்ணை மூடி கேட்டுட்டு இருந்தாரு, தூங்கிட்டாருன்னுதான் நான் நெனைச்சேன். அதுல விண்டர்னு ஒரு பனி டிராகன் பையன், ஐசிக்கிளோட தம்பி. பனி ராஜ்ஜியத்துல பொறந்ததுலேர்ந்து எல்லா புள்ளைக்கும் ரேங்க், அரண்மனை சுவத்துல பேரு மேலயும் கீழயும் போயிட்டு இருக்கும், அப்பா அம்மா பாசமும் அந்த ரேங்குக்கு ஏத்த மாதிரிதான் (இதை படிச்சப்ப என் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்தா, அதுலேர்ந்து மார்க் ஷீட் வர்ற அன்னைக்கு நான் வாயைத் தொறக்கறதில்ல). விண்டரோட அண்ணன் ஹெயில்ஸ்டார்ம் ரேங்க்ல மேல இருக்கறவன். சண்டை நேரத்துல எதிரி கையில மாட்டும்போது தம்பியை விட்டுடச் சொல்லி தான் கைதியா போயிட்டான். செத்துட்டான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, அப்பா அம்மா விண்டரை பாக்கற பார்வையிலயே, தப்பான புள்ளை திரும்பி வந்திருக்குன்னு இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணன் உசுரோட இருக்கான்னு அவனுக்கு தெரியவருது. என் பொண்ணு அந்த எடத்துல நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போனா. அப்பா கண்ணைத் தொறந்து, "அந்த அண்ணங்காரன் இன்னா ஆனான், வூடு வந்து சேந்தானா?"ன்னு கேட்டாரு.

அவ வந்து சொன்னா, கெடைச்சான் தாத்தா, ஆனா மந்திரம் போட்டு அவனை வேற கூட்டமா மாத்திட்டாங்க, அவனுக்கே தான் யாருன்னு தெரியல, தம்பியே எதிர்ல நிக்கறான் அடையாளம் தெரியலன்னு. அப்பா எழுந்து உக்காந்துட்டாரு. அப்புறம் அவரா சொன்னாரு. சண்டை முடிஞ்சப்புறம் அவருக்கு டூட்டி போட்டது வடக்க ஒரு கைதி கேம்ப்ல, கம்பி வேலிக்கு வெளிய காவல். அவருக்கு அப்போ 20 வயசு. உள்ள இருந்த ஒருத்தன் பஞ்சாப் பக்கம், பாகிஸ்தான் பஞ்சாப், இவரைவிட நாலஞ்சு வயசு பெரியவன். பேசக்கூடாதுன்னு ஆர்டர், ஆனா ஒரே எடத்துல மாசக்கணக்கா நின்னா பேசாம இருக்க முடியுமா, இவருக்கு இந்தி அரைகுறை, அவனுக்கும் இவரு இந்தி புரியாது. ஒரு நாள் அவன் நூல் கேட்டிருக்கான். பட்டாளத்துல எல்லாருக்கும் ஊசி நூல் பை ஒண்ணு குடுப்பாங்க, அதுலேர்ந்து இவரு கொஞ்சம் குடுத்திருக்காரு. சட்டை தைக்கத்தான்னு நெனைச்சாரு. அவன் அந்த நூலை தரையிலேர்ந்து தன் முட்டிக்கு மேல வரைக்கும் பிடிச்சு ஒரு முடிச்சு போட்டான், சண்டைக்கு கெளம்பும்போது அவன் பொண்ணு அவ்ளோ ஒசரம். அதுக்கு மேல மாசத்துக்கு ஒரு முடிச்சு, இப்ப இவ்ளோ வளர்ந்திருப்பா, இப்ப இவ்ளோன்னு, அளவு அவன் மனசுல நெனைக்கறதுதான். முடிச்சு போடும்போதெல்லாம் வேலிகிட்ட வந்து இவருகிட்ட காட்டுவானாம். அப்புறம் 1973 கடைசியில அவங்களையெல்லாம் ரயிலேத்தி அனுப்பினாங்க. அந்த நூலு சரியா இருந்துதான்னு எனக்கு எப்படி தெரியும்னாரு அப்பா. இதை அவரு எங்க அம்மாகிட்ட கூட சொன்னதில்ல. ஐம்பது வருஷத்துக்கு மேல வெச்சிருந்ததை ஒரு டிராகன் கதைக்கு பதிலா தன் பேத்திகிட்ட குடுத்தாரு.

அப்புறம் அவரே சொன்னாரு, நம்ம ஆளுங்களும் அந்தப் பக்கம் இருக்காங்கம்மா, திரும்பாதவங்கன்னு. அந்த 54 பேர் பட்டியல் உங்க வாசகர்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும், காணாமப்போன நம்ம ராணுவத்தினர், அவங்க குடும்பத்துலேர்ந்து 2007-ல பாகிஸ்தான் ஜெயில்களுக்கே நேர்ல போய் தேடிப் பாத்துட்டு வெறும் கையோட வந்தாங்க. என் பொண்ணு ஒண்ணும் பேசல, புக்கை எடுத்துட்டு தாத்தா பக்கத்துல படுத்துட்டா. அன்னைக்கு சாயந்திரம் அவ ஒரு நூலை எடுத்துட்டு வந்து என்னை பக்கத்துல நிக்க வெச்சு என் ஒசரத்தை அளந்தா, எதுக்குடின்னு கேட்டேன், சும்மான்னா.

புக்கை நான் தலையில தூக்கி வெச்சு ஆடறேன்னு நெனைக்காதீங்க, பத்தாவது புக்கு முடிவு எனக்கு ஒத்துக்கவே இல்ல. டார்க்ஸ்டாக்கர்னு ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள தூங்கி எழுந்து வந்த மந்திர சக்தி உள்ள ஒருத்தன், எவ்ளோ பெரிய நாசம் பண்ணவன், அவனை கடைசியில மந்திரம் போட்ட ஒரு ஸ்ட்ராபெர்ரி பழத்தை தின்ன வெச்சு, பழசெல்லாம் மறந்து போன பச்சைக் குழந்தையா மாத்தி, பீஸ்மேக்கர்னு புது பேரு வெச்சு, அவன் அம்மாகிட்டயே வளர்க்க விட்டுடறாங்க, அவளுக்கும் பேரை மாத்தி. என் பொண்ணுக்கு அது புடிச்சிருக்கு, ஒருத்தரையும் கொல்லாம முடிஞ்சுதுல்ல, அவனுக்கு திரும்ப ஒரு அம்மா கெடைச்சாங்கல்லங்கறா. எனக்கு மனசு ஆறல, மறக்கடிச்சு வர்ற சமாதானம் என்ன சமாதானம், அவன் கையால அடிபட்டவங்க மறக்கலையே, அவங்களுக்கு யாரு பழம் குடுத்தாங்கன்னு கேட்டேன். ஹெயில்ஸ்டார்முக்கு ஞாபகத்தை அழிச்சது கொடுமைன்னு ஏழாவது புக்குல சொல்லிட்டு பத்தாவதுல அதையே மருந்துன்னு குடுத்தா எப்படின்னு கேட்டேன். அவ யோசிச்சா, ரெண்டு நாள் கழிச்சு குளிச்சிட்டு தலை துவட்டிட்டே வந்து, அம்மா ஹெயில்ஸ்டார்முக்கு திரும்ப ஞாபகம் வந்ததால அவன் வீட்டுக்கு போனான், பீஸ்மேக்கருக்கு ஞாபகம் வந்தா அவன் எங்க போவான்னு கேட்டா. எங்கிட்ட பதில் இல்ல. இன்னும் இந்த பேச்சு எங்க வீட்ல முடியல, அப்பாவும் அப்பப்ப சேர்ந்துக்கறாரு, அவரு என் பொண்ணு கட்சி.

கடிதம் எழுதின அந்த அப்பாவுக்கு நான் சொல்றது இதுதான். உங்க புள்ளை அந்த புக்கை படிச்சா பிடுங்காதீங்க சார், ஒரு பாகம் நீங்களும் படிங்க, இங்கிலீஷ் ஒண்ணும் கஷ்டமில்ல, முடியலைன்னா ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கதையா சொல்லச் சொல்லுங்க. பத்து வயசுக்கு மேல இருந்தா குடுக்கலாம், கோதா சண்டை வர்ற எடத்துல பக்கத்துல இருங்க. நம்ம புள்ளைங்க போன்ல கேம் ஆடறதுல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பேரை சுடுதுங்க, செத்தவன் அடுத்த ரவுண்டுல எழுந்து வந்துடறான், யாரு வீட்லயும் யாரும் அழறதில்ல. இந்த புக்குல கிரேன் செத்தா ஆறாவது புக்கு வரைக்கும் அவ செத்துக்கிட்டே இருக்கா. இதை பீரோவுல பூட்டிட்டு அதை கையில குடுக்கறோம்.

ஸ்கூல் லைப்ரரிங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்ப்ளெயின்ட் வந்தா பூட்டறது ஈஸி. அதுக்கு முன்னாடி கம்ப்ளெயின்ட் குடுத்தவங்களையும் டீச்சரையும் ரெண்டு பசங்களையும் உக்கார வெச்சு ஒரு பாகத்தை சேர்ந்து படிச்சுப் பாக்கலாமே, எந்த வகுப்புலேர்ந்து குடுக்கலாம்னு அப்புறம் முடிவு பண்ணலாமே. உங்க பேப்பர்ல வாரம் ஒரு தடவை வர்ற சிறுவர் பக்கத்துலயும் தெனாலிராமன், பஞ்சதந்திரத்தோட, சண்டைக்கு அப்புறம் ஊரு எப்படி திரும்ப எழுந்துதுங்கற மாதிரி கதையையும் போடுங்க, அஸ்வத்தாமனையும் பெருந்திருவாளையும் பசங்களுக்கு சொல்லுங்க.

வர்ற திங்கக்கிழமை எங்க ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங் இருக்கு. எங்க வீட்டு ஆறாவது புக்கை எடுத்துட்டு போறேன், அந்த சரித்திர கிளாஸ் வர்ற பக்கத்துல என் பொண்ணு பஸ் டிக்கெட்டை வெச்சு குடுத்திருக்கா. ரெண்டு பக்கம் படிச்சு காட்ட அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு கேக்கப்போறேன். அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காரு, நேத்தே பேண்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டு வெச்சாச்சு.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவியின் அம்மா,
வேலூர்.